ஆராதனை எதற்கு? புதிதாக ஆலயம் வருபவர்களுக்கு ஒரு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வீடு திரும்பியதும் காதில் விழும் முதல் கேள்வி பெரும்பாலும் "இன்னைக்கு ஆராதனை எப்படி இருந்துச்சு?" என்பதுதான். பதில்களும் பழக்கமானவை. பாட்டு நல்லா இருந்தது. பிரசங்கம் கொஞ்சம் நீளம். மைக் சரியில்லை. ஏர்கோன் குளிர் தாங்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியும் பதிலும் ஏதோ ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுடையவை. ஆராதனையில் பார்வையாளர் என்று யாரும் இல்லை. பீடத்தருகே நிற்கும் போதகரும், கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

அந்த வேலை என்ன, அதை ஏன் வாரம் தவறாமல் செய்கிறோம் என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், பிறந்ததிலிருந்து ஆலயத்தில் உட்கார்ந்திருந்தும் ஏன் எதற்கு என்று யாரும் சொல்லித்தராத பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் லூத்தரன் சபையில் வளர்ந்தவன் நான். உதாரணங்களில் அந்த வாசனை இருக்கும். புடுவில் புனித அந்தோணியார் ஆலயத்தில் திருப்பலி காண்பவருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸ் மெதடிஸ்ட் சபையில் கீர்த்தனை பாடுபவருக்கும், கடைவீட்டு மாடியில் கை தட்டித் துதிக்கும் பெந்தெகொஸ்தே சபையாருக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கடவுளுக்கு நம் துதி தேவையா?

கடவுள் யார் என்று அறிந்து, அவருக்கு உரிய மகிமையை அவருக்கே செலுத்துவதுதான் ஆராதனை. நம்மைப் படைத்தவர், கிறிஸ்துவுக்குள் நம்மை மீட்டவர், இன்றுவரை தாங்கி நடத்துகிறவர் என்று வாயால் அறிக்கையிட்டு, உடம்பாலும் மனதாலும் அவர் முன் பணிகிறோம். முதல் நோக்கம் இதுவே. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லாம் உள்ள கடவுள் நம் புகழ்ச்சியை ஏன் எதிர்பார்க்க வேண்டும்? வேதாகமமே இதற்குப் பதில் சொல்கிறது. 50ஆம் சங்கீதத்தில் கடவுள் பேசுகிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." நாம் பாடாவிட்டால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. குறை நம் பக்கம்தான். மனித மனதின் உச்சியில் எப்போதும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் எஸ்.பி.எம். பரீட்சை முடிவு, வீட்டுக்கடன், வேலை உயர்வு, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். இவற்றில் பல நல்லவை, தேவையானவை. ஆனால் அந்த உச்சியில் உட்காரும் தகுதி அவற்றுக்கு இல்லை. பிள்ளையின் பரீட்சையை வாழ்க்கையின் மையமாக வைத்த குடும்பம் அந்தப் பிள்ளையை எப்படி நசுக்கிவிடுகிறது என்று நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். வாரத்துக்கு ஒரு முறையாவது கடவுளை அவருடைய இடத்தில் வைக்கும்போது, மற்றவை தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன. கர்த்தருடைய மகிமையைக் காண்கிறவர்கள் அந்தச் சாயலாகவே மாற்றப்படுகிறார்கள் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். எதை வணங்குகிறோமோ அது நம்மை உருவாக்கும்.

இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. மன அமைதிக்காகவும் உடல் சுகத்துக்காகவும் வேலைக்காகவும் ஆலயப் படி ஏறுகிறவர்கள் ஏராளம். இயேசு அப்படி வந்த எவரையும் விரட்டியதில்லை. ஆனால் லூக்கா சொல்லும் பத்துக் குஷ்டரோகிகளின் கதையைக் கவனித்துப் படியுங்கள். பத்துப் பேரும் கூப்பிட்டார்கள், பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது. ஒருவன் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்து, உரத்த சத்தமாய்க் கடவுளை மகிமைப்படுத்தி, இயேசுவின் காலடியில் முகங்குப்புற விழுந்தான். அவனும் ஒரு சமாரியன், யூதர்கள் அந்நியனாக ஒதுக்கியவன். ஒன்பது பேருடைய ஜெபமும் கேட்கப்பட்டது, கேட்டது கிடைத்தது, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆராதித்தவன் ஒருவன்தான். தன் தேவையோடு வந்தவன், தேவை தீர்ந்த பிறகும் திரும்பி வந்தான். ஆராதனை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தச் சமாரியனைத்தான்.

பயிற்சி என்று ஏன் சொல்கிறோம்?

"தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று பவுல் இளைஞனான தீமோத்தேயுவுக்கு எழுதினார். அடுத்த வரியிலேயே உடற்பயிற்சியையும் பக்தியையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், தர்மம் ஆகியவற்றைச் சபை தொன்றுதொட்டுப் பக்திப் பயிற்சிகளாகக் கைக்கொண்டு வந்திருக்கிறது. சேர்ந்து ஆராதிப்பதும் அவற்றோடு சேர்ந்தது. பயிற்சி என்பதால், மனம் இருந்தால் செய்வது, இல்லாவிட்டால் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாளும் நேரமும் குறித்து, உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

இதில் ஒரு தவறான புரிதல் வரக்கூடும். வருஷம் முழுவதும் ஒரு ஞாயிறும் தவறவில்லை, ஆகவே கடவுள் எனக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கு கிறிஸ்தவ விசுவாசத்தில் கிடையாது. இரட்சிப்பு கிருபையால் வருவது; வருகைப் பதிவேட்டால் வருவதல்ல. மனம் மாறுவதும் விசுவாசம் வளர்வதும் நம் கையில் இல்லை, அது தூய ஆவியானவரின் வேலை. எழுந்து குளித்து, உடை மாற்றி, போய் உட்காருவது நம் கையில் இருக்கிறது. நாம் செய்யக்கூடியதைச் செய்து, அவர் செய்யும் வேலைக்கு இடம் கொடுக்கிறோம்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் இருக்கும் அம்மாவைப் பார்க்க மாதா மாதம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வண்டி ஓட்டிப் போகிறார்கள். போய் என்ன பேசினாய் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அதே கதை, அதே முட்டிவலி, அதே சாம்பார். ஆனால் இருபது வருஷம் அப்படிப் போய்வந்த பிள்ளைக்கும், அம்மாவுக்கு முடியாமல் போனபோது மட்டும் ஓடிவந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆராதனையும் இப்படித்தான் உள்ளே வேலை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட ஞாயிறு நமக்கு என்ன தந்தது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

மனம் வராத நாளில் வேஷம் போடுவதாகாதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 103ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." இங்கே சங்கீதக்காரன் கடவுளிடம் பேசவில்லை. தூங்கிக் கிடக்கும் தன் ஆத்துமாவைத் தட்டி எழுப்புகிறான். அது தானாகவே துதித்துக்கொண்டிருந்தால் அதற்குக் கட்டளை எதற்கு? பொங்கி வரும் உணர்ச்சியைப் பாட்டாக்குவது ஒரு வகை. வறண்ட மனதுக்கு உண்மையைச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வகை. பக்திப் பயிற்சி என்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. மனம் எப்படி இருந்தாலும் கடவுள் நல்லவர் என்பது உண்மை. அந்த உண்மைக்குச் சாட்சி சொல்கிறோம்.

எங்கள் ஆலயத்தில் ஓர் அண்ணன் உண்டு. ஒரு கொண்டோமினியத்தில் இரவுக் காவல் வேலை. காலையில் பணி முடிந்ததும் சீருடையோடு நேராக வந்துவிடுவார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காருவார். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் அவரை எழுப்புவதில்லை. நாம் எதை நம்புகிறோம் என்று சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்துக்குச் சபை எழும் சத்தம் கேட்டதும் அவரும் எழுவார். கண் பாதி மூடியிருக்கும், வாய் மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லும். வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலையில் வேறெங்காவது போகலாமே என்று ஒரு தம்பி அக்கறையோடு கேட்டான். "படுத்தா எழுந்திருக்க மாட்டேன்பா, அதான் நேரா இங்க வந்துர்றேன்" என்றார். எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லி உள்ளே இறங்கிய வார்த்தைகள், தூக்கத்திலும் அவரைத் தாங்கி நிறுத்துகின்றன. அவர் பிரசங்கத்தைக் கேட்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆதித் திருச்சபையிலும் நிலைமை இதைப் போன்றதுதான். ரோமப் பேரரசில் ஞாயிறு சாதாரண வேலைநாள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 321ஆம் ஆண்டில்தான் அதை ஓய்வுநாளாக அறிவித்தார். அதற்கு இரு நூற்றாண்டுக்கு முன், கி.பி. 112 வாக்கில், ரோமப் பேரரசின் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்து, தெரியவந்ததைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். இவர்கள் ஒரு குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது. விடியுமுன் கூடி, பிறகு கலைந்து போனார்கள். இன்றும் கெடாவிலும் கிளந்தானிலும் ஞாயிறு வேலைநாள்தான். அங்கே வெள்ளிக்கிழமை கூடும் சபைகளும் உண்டு. நாள் மாறலாம். குறித்த நாள் என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஆராதனை முறையில் என்ன நடக்கிறது?

ஏசாயா 6ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு ஆலயத்துக்குப் போனால் பாதி புரிந்துவிடும். தீர்க்கதரிசி கர்த்தரின் மகிமையைக் காண்கிறார். கண்டதும் "ஐயோ! அதமானேன்" என்று தன் அசுத்த உதடுகளை நினைத்துக் கதறுகிறார். நெருப்புத்தழல் அவர் உதட்டைத் தொட்டு, பாவம் நீங்கியது என்ற சொல் வருகிறது. பிறகு யாரை அனுப்புவேன் என்ற குரலைக் கேட்கிறார். "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்கிறார். துதி, பாவ அறிக்கை, மன்னிப்பு, வசனம், ஒப்புக்கொடுத்தல், அனுப்பப்படுதல் என்று நம் ஆராதனை நடக்கும் வழியும் ஏறக்குறைய இதுவே.

இதில் பாவ அறிக்கைதான் புதியவர்களுக்கு மிகவும் கடினம். எங்கள் சபையில் அது தொடக்கத்திலேயே வரும். முழங்கால் போட்டு, பொதுவான வார்த்தைகளைச் சேர்ந்து சொல்லுமுன், போதகர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். மின்விசிறியும் வெளியே போகும் மோட்டார் சைக்கிளும் மட்டும் கேட்கும். அந்த மௌனத்தில்தான் திங்கள் முதல் சனி வரை செய்தது, சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கும். அதன்பிறகு, கிறிஸ்துவின் நிமித்தம் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று ஒரு மனிதக் குரல் சத்தமாகச் சொல்கிறது. இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள முடியாது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டாக வேண்டும். நேரம் போதவில்லை என்றும் புதியவர்கள் சங்கடப்படுவார்கள் என்றும் இந்தப் பகுதியைக் கைவிட்ட சபைகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். வாரா வாரம் தன் தப்பை ஒத்துக்கொள்ளப் பழகியவர்தான் வீட்டில் மனைவியிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கப் பழகுவார்.

சமாதானம் பரிமாறுவதும் வெறும் கைகுலுக்கல் அல்ல. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. வீட்டுப் பங்கில் தகராறு வந்து பேச்சே நின்றுபோன அண்ணன் தம்பி ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தால், அந்த நிமிஷம் அவர்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாரத்தை வாரா வாரம் கொண்டுவந்து முன்னால் வைப்பது ஆராதனை.

வசனமும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தும் ஆராதனையின் இரண்டு தூண்கள். உயிர்த்தெழுந்த இயேசுவோடு எம்மாவுக்கு நடந்துபோன இரு சீடர்களுக்கு, வழியில் அவர் வேதத்தை விளக்கியபோது இருதயம் கொழுந்துவிட்டது; மேசையில் அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது. திருவிருந்தைச் சபைகள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன, கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள். அதைத் தனியாக விளக்குவதே முறை.

காணிக்கையைப் பற்றி மட்டும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கி.பி. 155 வாக்கில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், பிற்பாடு விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் உள்ளவரை வாசிக்கப்படும். தலைவர் புத்தி சொல்வார். எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும். வர முடியாதவர்களுக்கு அவை கொடுத்தனுப்பப்படும். வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுத்த பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதியவர்களுக்கும் போகும். இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. காணிக்கைப் பை நம்மைக் கடந்து போகும் அந்தக் கணமும் ஆராதனையின் ஒரு பகுதிதான், பாட்டுக்கு இடையில் வரும் வசூல் அல்ல.

அழுவதற்கும் இடம் வேண்டும்

பாட்டைப் பற்றிச் சபைகளில் நடக்கும் சண்டை தீராதது. பெரியவர்களுக்கு மெதுவான கீர்த்தனை, இளைஞர்களுக்கு டிரம் செட். இரண்டிலும் கடவுளை ஆராதிக்கலாம், இந்தச் சண்டையில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. என் கவலை வேறு. எந்தப் பாணியானாலும் இப்போது நாம் பாடுவதெல்லாம் வெற்றிப் பாட்டாகவே இருக்கிறது. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை என்று ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரி கூடக் கடைசியில் கிடையாது. அதையும் ஆராதனைப் பாட்டாகவே கடவுளுடைய ஜனங்கள் வைத்திருந்தார்கள்.

போன வாரம் டாக்டர் புற்றுநோய் என்று சொல்லிவிட்ட ஓர் அக்கா நம் நடுவே உட்கார்ந்திருக்கலாம். வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாத ஒரு தகப்பன் இருக்கலாம். இவர்கள் கண்ணீரோடும் கேள்வியோடும் கடவுள் முன் நிற்க ஆராதனையில் வார்த்தை இல்லாவிட்டால், சிரித்த முகத்தோடு வருபவர்களுக்கு மட்டுமே ஆலயம் என்றாகிவிடும். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தனை பேர் வாய்விட்டு அழுதபடி நடக்கிறார்கள் என்று. நான் கத்தோலிக்கன் அல்ல; ஆனால் பாரத்தை மறைக்காமல் கடவுளிடம் கொண்டுவரும் அந்தச் சுதந்திரம் எங்கள் ஞாயிறு ஆராதனையிலும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தனியாக வீட்டில் ஜெபித்தால் போதாதா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நான் அழும் வாரத்தில் பக்கத்தில் இருப்பவர் எனக்காகப் பாடுகிறார். அவர் தளரும் வாரத்தில் நான் பாடுகிறேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஆலயங்கள் பூட்டப்பட்டன. அந்த வருஷத்து உயிர்ப்பு ஞாயிறு கைப்பேசித் திரையில் கழிந்தது. இணைய ஆராதனை அன்று பெரிய உதவி. நடக்க முடியாத முதியவர்களுக்கு இன்றும் அது வரப்பிரசாதம். ஆனால் கால் நல்லபடி உள்ளவர்கள் சோபாவில் மைலோ குடித்துக்கொண்டே திருப்பலியையோ ஆராதனையையோ பார்ப்பது கூடிவருதல் ஆகாது. சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்வதற்குக் காரணம், ஒருவரையொருவர் உற்சாகப்படுத்த ஆள் எதிரே இருக்க வேண்டும் என்பதுதான்.

திங்கட்கிழமை

பிளினியின் கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. விடியுமுன் பாடிய அந்தக் கிறிஸ்தவர்கள் ஓர் உறுதிமொழி எடுத்தார்களாம்: திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன வாக்கைத் தவறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம். நம் ஊரில் கூட்டு (சீட்டு) கட்டிப் பணத்தை இழந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரியின் எடை தெரியும். பாட்டும் நேர்மையும் அவர்களுக்கு ஒரே மூச்சில் வந்தன. நேர்மை இல்லாத பாட்டைக் கடவுள் எப்படிக் கேட்கிறார் என்பதைத் தீர்க்கதரிசி ஆமோஸ் சொல்லிவிட்டார்: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." அதே மூச்சில், நியாயம் தண்ணீரைப்போல் புரண்டு வரட்டும் என்கிறார். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தவர் ஞாயிறன்று கை உயர்த்திப் பாடினால், அவர் செய்யும் ஆராதனை கணக்கில் வராது. உங்கள் சரீரங்களையே ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுவே புத்தியுள்ள ஆராதனை என்று பவுல் ரோமருக்கு எழுதியது வாரத்தின் ஏழு நாளையும் உள்ளடக்கியது.

எப்படித் தொடங்குவது? ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது ஆறு மாதமாவது அங்கேயே போங்கள். வாரம் ஒரு ஆலயம் என்று சுற்ற வேண்டாம். பல ஆலயங்களில் தமிழ், ஆங்கிலம், மலாய், சீனம் என்று மொழிக்கு ஒரு நேரம் இருக்கும், தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைவதைவிட கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பது மேல். சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுங்கள், அன்றைய வேதபாடம் தெரிந்தால் ஒரு தரம் வாசித்துவிடுங்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பாட்டியைப் பார்த்துச் செய்யுங்கள். திருவிருந்துக்கு யார் வரலாம் என்பது சபைக்குச் சபை மாறும். ஞானஸ்நானம் பெறாதவர்கள் அதைப் பற்றி முதலிலேயே போதகரிடமோ குருவானவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கீழே தேநீரும் வடையும் இருக்கும்; அங்கே உங்கள் பெயரைக் கேட்பவர்களிடம் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.